இருண்ட பின்புலத்தில் ஓர் ஒளித்துளி: கல்கத்தா முதல் ஒஸ்லோ வரை நுண்பொருள் ஒளியளவியலின் வரலாறு

முன்னுரை

ஒஸ்லோ நகரின் மேற்குப் பகுதியில், மொன்டெபெல்லோ என்னும் இடத்தில், 1932ஆம் ஆண்டு நோர்வே ரேடியம் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. புற்றுநோய் மருத்துவத்திற்கென அமைந்த அம்மருத்துவமனையுடன் இணைந்து 1954ஆம் ஆண்டு புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உருவாயிற்று. அந்நிறுவனத்தின் உயிரியற்பியலாளர்களான ஹரால்ட் ஸ்டீன், தூரே லின்ட்மோ ஆகிய இருவரும் 1979ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் இரண்டே பக்க அளவில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நுண்ணோக்கி ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வோர் உயிரணுவும் வெளியிடும் ஒளியைத் தனித்தனியே அளக்கும் கருவியை அக்கட்டுரை விளக்கியது. அது யாவர்க்கும் உரிய கருவி என்பதை அதன் தலைப்பே அறிவித்தது.

அக்கருவியின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. மிகச் சிறிய பொருளிலிருந்து வரும் ஒளியை அளக்கும் முயற்சியில், ஒளியூட்டும் விளக்கின் வலிமையைக் காட்டிலும் பின்புலத்தின் இருளும், சிதறிய ஒளியைச் சேகரிக்கும் திறனுமே முதன்மை பெற்றன என்பது இதன் முதற் கருத்து. தமிழில் எழுதப்படும் அறிவியல் வரலாறு கண்டுபிடித்தவரைப் போற்றும் அளவுக்குக் கருவியைக் கவனிப்பதில்லை. கருவியைக் கவனித்தால், தமிழர் நன்கறிந்த 1928ஆம் ஆண்டுக் கல்கத்தாவும் தமிழர் அறியாத 1979ஆம் ஆண்டு ஒஸ்லோவும் ஒரே வினாவின் இரு விடைகளாகத் தோன்றும் என்பது இரண்டாவது கருத்து.

சிற்றொளியின் சிக்கல்

ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள் ஒன்று சிதறச் செய்யும் ஒளியின் அளவு, அத்துகளின் விட்டத்தினது ஆறாம் அடுக்கைப் பொறுத்து மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரேலி பிரபு வகுத்த விதி இது. விட்டம் பாதியானால் சிதறும் ஒளி அறுபத்து நான்கில் ஒரு பங்காகும். பத்தில் ஒரு பங்கானால் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். ஆகவே, துகள் சிறுக்கச் சிறுக்க விளக்கின் வலிமையைக் கூட்டிக்கொண்டே போவது பயன் தராது. விளக்கைக் கூட்டினால் துகளைச் சூழ்ந்துள்ள கண்ணாடியும் நீரும் சிதறச் செய்யும் ஒளியும் அதே விகிதத்தில் கூடிவிடும்.

இதற்கான தீர்வு அன்றாட வாழ்வில் யாவரும் கண்டதே. கூரை இடுக்கின் வழியே இருண்ட அறைக்குள் வெயிற்கீற்று விழும்போது, பட்டப்பகலில் கண்ணுக்குப் புலப்படாத தூசுகள் மின்னி மிதக்கின்றன. அண்டங்களின் பெருக்கத்தையும் அவற்றைக் கடந்த இறைவனின் பெருமையையும் கூற வந்த மாணிக்கவாசகர், திருவண்டப்பகுதியில் வீட்டினுள் நுழையும் கதிரில் தெரியும் நுண்துகள்களை உவமையாக்கினார். இதனைக் கொண்டு மாணிக்கவாசகர் ஒளியியல் அறிந்திருந்தார் என வாதிடுவது பொருந்தாது. அவர் எழுதியது இறைமையைப் பற்றி. ஆயினும், அக்காட்சியில் இரண்டு கூறுகள் சேர்ந்திருப்பது நோக்கத்தக்கது. கதிர் ஒரு பக்கமாக நுழைகிறது. பார்ப்பவரின் கண் கதிரின் பாதையில் இல்லை. கண்ணுக்கு வந்து சேர்வது துகள் சிதறச் செய்த ஒளி மட்டுமே.

இவ்விரண்டு கூறுகளையும் கருவியாக்கியவர்கள் ஹென்றி சீடென்டோஃப், ரிச்சர்ட் சிக்மொண்டி ஆகியோர். 1903ஆம் ஆண்டு அவர்கள் வெளிப்படுத்திய மீநுண்ணோக்கியில், பக்கவாட்டில் செலுத்தப்பட்ட செறிந்த கதிர் பொற்கூழ்மத்தின் வழியே சென்றது. நுண்ணோக்கியின் பகுதிறனுக்கு எட்டாத பொற்துகள்கள் இருண்ட புலத்தில் ஒளிப்புள்ளிகளாகத் தென்பட்டன. துகளின் வடிவம் தெரியவில்லை. அது அங்கு இருப்பது மட்டும் ஐயமின்றித் தெரிந்தது. கூழ்மங்கள் பற்றிய ஆய்வுக்காக சிக்மொண்டிக்கு 1925ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கல்கத்தா: 1921 முதல் 1928 வரை

துகளிலிருந்து மூலக்கூற்றுக்கு இறங்கும்போது சிக்கல் மேலும் கடுமையாகின்றது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன், 1921ஆம் ஆண்டு ஐரோப்பாவிலிருந்து ‘நர்குண்டா’ என்னும் கப்பலில் திரும்பும் வழியில், கடலின் நீலத்தை நிக்கல் பட்டகம் ஒன்றின் துணையால் ஆராய்ந்தார். வானின் எதிரொளிப்பை அப்பட்டகத்தால் நீக்கிய பின்னும் நீலம் நிலைத்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்னும் முடிவுக்கு அவர் வந்தார். மூலக்கூற்று ஒளிச்சிதறல் பற்றிய அவருடைய நூல் 1922இல் வெளிவந்தது.

1923ஆம் ஆண்டு அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன், திரவங்களில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு மங்கிய பகுதியைக் கண்டார். அது நலிந்த உடனொளிர்வு எனவும், மாசுகளால் விளைவது எனவும் முதலில் கருதப்பட்டது. திரவத்தை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தியும் அது மறையவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் ராமனும் அதன் உண்மை இயல்பைத் தெளிந்தனர். 1928 பெப்ரவரி 28ஆம் நாளுடன் இணைத்துப் பேசப்படும் அக்கண்டுபிடிப்பு, மூலக்கூற்றின் அதிர்வுக்கேற்ப அலைநீளம் மாறிச் சிதறும் புதுவகைக் கதிர்வீச்சைப் பற்றியது.

அதற்குப் பயன்பட்ட கருவி இங்கு முக்கியமானது. 18 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி வில்லை சூரிய ஒளியைச் செறிவாக்கியது. ஊதா நிற வடிகட்டி ஒன்று கதிரின் பாதையிலும், அவ்வூதாவை முற்றிலும் தடுக்கும் மஞ்சட்பச்சை வடிகட்டி ஒன்று கண்ணுக்கு முன்னும் வைக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்தால் இருள் மட்டுமே எஞ்ச வேண்டும். அவ்விருளில் ஒளித்தடம் ஒன்று தெரிந்ததுதான் கண்டுபிடிப்பு. சூரியன் வலிய விளக்கு என்பது உண்மை. ஆனால் அவ்வலிமையைப் பயனுடையதாக்கியது ஒன்றையொன்று மறுக்கும் அவ்விரு வடிகட்டிகளே. அதன்பின் பாதரச வில்விளக்கும் நிறமாலை காட்டியும் சேர்க்கப்பட்டன. பாதரச ஆவி குறிப்பிட்ட சில அலைநீளங்களிலேயே ஒளி உமிழ்வதால், மாறிய கோடுகளைத் தெளிவாகப் பிரித்தறிய முடிந்தது.

பாயும் நீரில் உயிரணுக்கள்

உயிரியலாளரின் தேவை வேறு. அவர்கள் ஒரு திரவத்தின் சராசரியை அன்றி, அதில் மிதக்கும் ஒவ்வோர் உயிரணுவின் அளவையும் அறிய விரும்பினர். 1930களில் ஸ்டாக்ஹோமில் டோர்பியோர்ன் காஸ்பர்சன், நுண்ணோக்கியுடன் ஒளிமானியை இணைத்து உயிரணுக்களின் உட்கருவமிலங்களை அளந்தார். அம்முறை நுட்பமானது, ஆனால் உயிரணுக்களை ஒவ்வொன்றாகத் தேடி அளக்க வேண்டியிருந்ததால் மெதுவானது.

உயிரணுவைத் தேடிக் கருவி செல்வதற்கு மாறாக, கருவியைத் தேடி உயிரணு வரச் செய்யலாம் என்னும் எண்ணத்தை 1934ஆம் ஆண்டு ஆண்ட்ரூ மொல்டாவன் முன்வைத்தார். நுண்குழாயில் ஓடும் உயிரணுக்களை ஒளிமின்கலத்தால் எண்ணுவது அவர் திட்டம். 1953இல் பி. ஜே. கிராஸ்லண்ட்-டெய்லர், உயிரணுக்கள் கொண்ட மெல்லிய நீரிழையைத் தூய நீரோட்டம் ஒன்று உறைபோலச் சூழ்ந்து செல்லும் முறையை விளக்கினார். இதனால் உயிரணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் செல்ல முடிந்தது. 1965இல் அமெரிக்காவில் லூயி கமென்ட்ஸ்கியும் மாக் ஃபுல்வைலரும் அளக்கும் கருவிகளையும் பிரிக்கும் கருவிகளையும் வெளிப்படுத்தினர். 1968இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் வுல்ஃப்காங் கோடே உடனொளிர்வை அளக்கும் பாய்வுக் கருவியை உருவாக்கினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லெனார்ட் ஹெர்சன்பர்க் குழுவினர் 1970களின் தொடக்கத்தில் ஆர்கன் லேசரைப் பயன்படுத்தினர்.

லேசர்க் கருவி பெரிதும் பேசப்பட்டது. ஆயினும், அன்றைய ஆர்கன் லேசர் அளவிற் பெரியது, நீர்க்குளிர்ச்சி வேண்டுவது, விலை மிக்கது. அதனை வாங்கிப் பேணும் வசதி சில ஆய்வகங்களுக்கே இருந்தது.

ஒஸ்லோ, 1979

இந்நிலையில்தான் ஸ்டீனும் லின்ட்மோவும் எதிர்த்திசையில் சிந்தித்தனர். அவர்களுடைய கருவியின் அடித்தளம் ஏறத்தாழ எல்லா உயிரியல் ஆய்வகங்களிலும் இருந்த உடனொளிர்வு நுண்ணோக்கி. ஒளிமூலம், அந்நுண்ணோக்கியுடன் வழக்கமாக வரும் உயரழுத்தப் பாதரச வில்விளக்கு. கல்கத்தாவில் நிறமாலைக் கோடுகளைப் பிரித்தறிய உதவிய அதே தனிமம், ஒஸ்லோவில் உயிரணுவுக்கு ஒளியூட்டியது.

புதுமை நீரோட்டத்தில் இருந்தது. நுண்துளை வழியே வெளிப்படும் நீர்த்தாரை, நுண்ணோக்கியின் மூடுகண்ணாடித் தகட்டின் திறந்த பரப்பில் சாய்வாக மோதி, மெல்லிய தட்டைப் படலமாகப் பரவி ஓடியது. உயிரணுக்கள் அப்படலத்தின் நடுத்தடத்தில் சென்றன. கண்ணாடியின் மறுபுறத்தில் எண்ணெய்த் துளியால் இணைக்கப்பட்ட பொருளருகு வில்லை நின்றது. அதே வில்லை வழியே ஒளி சென்றது. உயிரணுவின் உடனொளிர்வும் அதே வில்லை வழியே திரும்பியது. இருநிறம் பிரிக்கும் ஆடி ஒன்று செல்லும் ஒளியையும் மீளும் ஒளியையும் வேறாக்கியது. மீளும் ஒளி ஒளிமின் பெருக்கிக் குழாயில் விழுந்து மின்துடிப்பாக மாறியது. துடிப்பின் உயரமே உயிரணுவின் அளவு.

இவ்வமைப்பின் பயனை எளிய கணக்கால் உணரலாம். உயிரணு எல்லாத் திசைகளிலும் ஒளி உமிழ்கின்றது. காற்றின் வழியே பார்க்கும், எண்துளை 0.6 உடைய வில்லை ஒன்று நீரில் உமிழப்பட்ட ஒளியில் இருபதில் ஒரு பங்கையே சேர்க்கும். எண்ணெயில் தோயும், எண்துளை 1.3 உடைய வில்லை மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகச் சேர்க்கும். லேசரின் செறிவு வில்விளக்குக்கு இல்லை. அக்குறையின் பெரும்பகுதியை வில்லையின் அகன்ற பார்வை ஈடு செய்தது. வில்லைக்கும் உயிரணுவுக்கும் இடையே ஒரு மூடுகண்ணாடி மட்டுமே இருந்ததால், அளவுக்கலத்தின் சுவர்கள் சிதறச் செய்யும் ஒளியும் குறைந்தது. அடுத்த ஆண்டில் ஸ்டீன் இருள்புல முறையில் ஒளிச்சிதறலையும் அளக்கும் பகுதியைச் சேர்த்தார். நேர்க்கதிரை மறைத்து, உயிரணு சிதறச் செய்த ஒளியை மட்டும் உணரியில் விழச் செய்யும் அப்பகுதியில் மீநுண்ணோக்கியின் கொள்கை மீண்டும் செயற்பட்டது.

கண்டுபிடிப்பு தடையாதல்

கல்கத்தாவும் ஒஸ்லோவும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. நுண்பொருளின் உடனொளிர்வை அளக்க முற்படும் எவருக்கும் அதனைச் சூழ்ந்த நீர் இடையூறாகின்றது. ஒரு கன மைக்ரோமீட்டர் நீரில் ஏறத்தாழ 3,300 கோடி மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றின் ராமன் சிதறலும் மிக நலிந்தது. எண்ணிக்கையோ மிகப் பெரிது. பாதரச விளக்கின் 436 நானோமீட்டர் ஒளி நீரில் படும்போது, ராமன் சிதறல் ஏறத்தாழ 512 நானோமீட்டரில், பச்சைப் பகுதியில் தோன்றும். அப்பகுதியில் ஒளிரும் சாயமொன்றைப் பயன்படுத்தினால், எந்த ஒளி சாயத்தினது, எந்த ஒளி நீரினது என்பதை வடிகட்டியால் மட்டும் பிரிக்க இயலாது.

1923இல் கே. ஆர். இராமநாதன் எதிர்கொண்ட ஐயமும் இதுவே. அன்று ராமன் சிதறல் உடனொளிர்வின் தோற்றத்தில் வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், உடனொளிர்வைத் தேடுவோர்க்கு அதே சிதறல் பின்புல இரைச்சலாகியது. நீரைத் தூய்மைப்படுத்தி இதனை நீக்க முடியாது; மாசற்ற நீரும் ராமன் சிதறலைத் தரும். வில்லை காணும் நீரின் கனஅளவைக் குறைப்பதும், அதிலிருந்து விலகிய நிறத்தில் ஒளிரும் சாயத்தைத் தேர்வதுமே வழிகள். ஒஸ்லோவின் மெல்லிய நீர்ப்படலம் முதல் வழிக்குப் பொருந்தியது. அங்குப் பாக்டீரியா ஆய்வுகளுக்குப் பயன்பட்ட மித்ராமைசின், எத்திடியம் புரோமைடு இணை இரண்டாவது வழிக்குப் பொருந்தியது. மித்ராமைசின் உறிஞ்சிய ஆற்றல் எத்திடியத்துக்கு மாறிச் செந்நிறத்தில் வெளிப்பட்டது.

ஒஸ்லோவினர் கல்கத்தாவைப் பின்பற்றினர் என்று இதனால் கூற இயலாது. இரண்டு ஆய்வகங்களும் ஒளியின் ஒரே இயல்போடு போராடின என்பதே உண்மை. வரலாற்றில் தொடர்பு என்பது ஆசிரியர்-மாணவர் வழியில் மட்டும் அமைவதில்லை. ஒரே தடையை இருவர் எதிர்கொள்வதிலும் அமைகின்றது.

ஒரு பாக்டீரியாவின் கணக்கு

கருவியின் தகுதி அது விடையளித்த வினாவால் அறியப்படும். மனித உயிரணு ஒன்றின் டி.என்.ஏ. ஏறத்தாழ 6 பிக்கோகிராம். ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு குரோமோசோம் ஏறத்தாழ 5 ஃபெம்டோகிராம். ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அன்றைய பாய்வுக் கருவிகள் பெரும்பாலும் மனித, விலங்கு உயிரணுக்களுக்கென வடிவமைக்கப்பட்டிருந்தன. ஒஸ்லோவில் ஸ்டீனும் எரிக் பாயேயும் 1980ஆம் ஆண்டிலேயே பாக்டீரியாவின் வளர்ச்சியைப் பாய்வு முறையில் அளந்தனர்.

கிர்ஸ்டன் ஸ்கார்ஸ்டாட், பாயே, ஸ்டீன் ஆகியோர் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இக்கருவியின் ஆற்றலை நிறுவியது. சாதகமான சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஆனால் அதன் குரோமோசோம் ஒருமுறை படியெடுக்கப்பட ஏறத்தாழ 40 நிமிடம் வேண்டும். ஒரு படியெடுப்பு முடியுமுன்பே அடுத்தது தொடங்கினால்தான் இது கூடும். அப்படியாயின், ஒரே உயிரணுவினுள் உள்ள பல தொடக்கப் புள்ளிகள் ஒரே நேரத்தில் இயங்குகின்றனவா, தாறுமாறாக இயங்குகின்றனவா?

ரிஃபாம்பிசின் என்னும் மருந்து புதிய படியெடுப்பைத் தடுக்கும்; தொடங்கியவை முடிவுறும். மருந்திட்ட பின் ஒவ்வோர் உயிரணுவிலும் எஞ்சும் முழுக் குரோமோசோம்களின் எண்ணிக்கை, மருந்திட்ட கணத்தில் அதில் இருந்த தொடக்கப் புள்ளிகளின் எண்ணிக்கைக்குச் சமம். ஒஸ்லோ கருவியின் வரைபடத்தில் இயல்பான பாக்டீரியாக்கள் பெரும்பாலும் 2, 4, 8 என்னும் இடங்களில் குவிந்தன. தொடக்கப் புள்ளிகள் ஏறத்தாழ ஒருசேர இயங்குகின்றன என்பதற்கு அது சான்றாயிற்று. டி.என்.ஏ. படியெடுப்பைத் தொடக்கும் டிஎன்ஏஏ புரதத்தில் குறையுள்ள, வெப்பத்தால் பாதிக்கப்படும் திரிபுகளில் 3, 5, 6, 7 என்னும் எண்களும் தோன்றின, ஒழுங்கு குலைந்திருந்தது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் சராசரியை அளந்திருந்தால் இவ்வேறுபாடு மறைந்திருக்கும். தனித்தனியே அளந்ததால் வெளிப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஸ்டீன், வைரசு அளவிலான துகள்களின் ஒளிச்சிதறலையும் அளக்கும் பாய்வுக் கருவியை விளக்கினார். ரேலியின் ஆறாம் அடுக்கு விதியை நினைவிற்கொண்டால் இதன் அருமை விளங்கும்.

‘யாவர்க்கும்’ என்னும் சொல்

1979ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் இருந்த சொல் எவ்வளவு நிறைவேறியது? நோர்வேயின் ஸ்காட்ரான் நிறுவனம் ‘ஆர்கஸ்’ என்னும் பெயரிலும், பின்னர் பயோ-ராட் நிறுவனம் ‘பிரைட்’ என்னும் பெயரிலும் இவ்வகைக் கருவிகளை விற்றன. எனினும் உலகச் சந்தை லேசரின் பக்கம் சாய்ந்தது. அதற்குத் தக்க காரணம் இருந்தது. 1980களில் நோயெதிர்ப்பியல் பல நிறச் சாயங்களை ஒரே நேரத்தில் அளக்க வேண்டியதாயிற்று. 488 நானோமீட்டர் ஆர்கன் லேசருக்கு ஏற்ற சாயங்கள் பெருகின. எயிட்சு நோய் பரவியபோது, நோயாளியின் குருதியில் உள்ள சி.டி.4 உயிரணுக்களை எண்ணுவது மருத்துவத் தேவையாகிப் பாய்வுக் கருவியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தது.

இத்தேவை தமிழகத்திற்கும் நேரடியானது. 1986ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். தொற்றைக் கண்டறிவதோடு பணி முடிவதில்லை. நோயாளியின் எதிர்ப்பாற்றல் எந்நிலையில் உள்ளது என்பதை அறியச் சி.டி.4 எண்ணிக்கை வேண்டும். அதற்குரிய கருவியோ விலை மிக்கது. கருவி யாருக்கு எட்டும் என்பது அங்கு உயிரோடு தொடர்புடைய வினாவாயிற்று. மியூன்ஸ்டரின் கோடே தொடங்கிய மரபில் வந்த பார்ட்டெக் நிறுவனம், ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்கெனச் சிறிய, எளிய சி.டி.4 கருவிகளைப் பின்னர் உருவாக்கியது. ஒஸ்லோ கருவி விற்பனையில் வெல்லவில்லை. அது எழுப்பிய கோரிக்கை பொருளற்றுப் போகவுமில்லை.

கலைச்சொல் பற்றிய ஒரு குறிப்பு

இத்துறையைத் தமிழில் எழுத முற்படுவோர் முதல் வரியிலேயே தடையை எதிர்கொள்வர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘செல்’ எனவும், பொதுவழக்கு ‘உயிரணு’ எனவும், இலங்கைப் பாடநூல்கள் ‘கலம்’ எனவும், குருதி பற்றிய இடத்தில் ‘குழியம்’ எனவும் வழங்குகின்றன. ‘உயிரணு’ என்பதில் உள்ள ‘அணு’, இயற்பியலின் அணுவோடு மயங்கக்கூடும். ‘கலம்’ என்பது ‘மின்கலம்’, ‘அளவுக்கலம்’ ஆகியவற்றோடு மயங்கக்கூடும். இரு மரபுகளும் தத்தம் காரணங்களோடு வேரூன்றியவை. ஒன்றை நீக்கி மற்றொன்றை நிறுவுவதைவிட, இரண்டையும் ஒப்ப நிறுத்தும் கலைச்சொல் அகராதி பயன் தரும். ஒஸ்லோவில் வளரும் தமிழ்ப் பிள்ளை பெற்றோரிடம் கேட்பது ஒரு சொல்லாகவும், சென்னையில் அச்சான நூலில் படிப்பது வேறு சொல்லாகவும் இருக்கையில், அவ்வகராதியின் தேவை புலம்பெயர் நாடுகளிலேயே மிகுதி.

முடிவுரை

பெப்ரவரி 28ஆம் நாள் இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அந்நாளில் ராமனின் பெயர் ஒலிக்கும் அளவுக்கு அவ்விரு வடிகட்டிகள் நினைக்கப்படுவதில்லை. அவற்றை நினைத்தால், அறிவியலின் வரலாறு மேதையர் சிலரின் வாழ்க்கைத் தொகுப்பாகக் குறுகாது. வெயிற்கீற்றில் மிதக்கும் தூசு, பொற்கூழ்மம், கடல்நீர், ஈ.கோலை ஆகியவற்றை ஒரே வினா இணைக்கின்றது: சிறியதொன்றின் ஒளியைப் பெரியவற்றின் ஒளியிலிருந்து எவ்வாறு பிரிப்பது? சீடென்டோஃபும் சிக்மொண்டியும் கதிரின் திசையால் பிரித்தனர். ராமனும் கிருஷ்ணனும் நிறத்தால் பிரித்தனர். ஒஸ்லோவினர் திசை, நிறம் இரண்டோடும் நீரின் வடிவத்தையும் சேர்த்துக்கொண்டனர்.

இவ்வாறு கருவியின் வழியே எழுதப்படும் வரலாறு, பழம்பெருமை பேசும் சோர்வையும் பிறரைப் பின்பற்றியே வாழ்கிறோம் என்னும் தாழ்வையும் ஒருங்கே தவிர்க்கும். தமிழக, ஈழ, புலம்பெயர் ஆய்வகங்களில் பயன்பட்ட கருவிகள் யாவை, அவற்றை யார் செய்தனர், யார் செப்பனிட்டனர், யாருக்கு அவை எட்டவில்லை என்பன இன்னும் தமிழில் எழுதப்பட வேண்டியவை. பழுதான கருவிகள் கழிவாக விற்கப்படுவதற்கு முன்பே அவற்றின் பதிவேடுகளைத் திரட்டுவது, அப்பணியின் முதற் கடமையாகும்.